வெள்ளியிலும் செம்பிலும் ஆப்பிரிக்க விலங்குகள்: முதன்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

செம்புக் கிண்ணம் ஒன்றின் விளிம்பில் இரண்டு வெள்ளி யானைகள் எதிரெதிரே நிற்கின்றன. அவற்றின் துதிக்கைகள் விளிம்பின் மேல் வளைந்து உட்புறம் இறங்குகின்றன. கிண்ணத்தைத் தூக்குவதற்கான பிடிகளும் அவையே. ஜாம்பியா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் கைவினைக் கடைகளில் இத்தகைய பொருளை முதன்முறை கையில் எடுப்பவர் விலைச்சீட்டைப் பார்த்துத் திகைப்பார். நான்கு கடை தள்ளி, தூரத்துப் பார்வைக்கு அதே போன்ற இன்னொன்று மிகச் சொற்ப விலைக்கு இருப்பதைக் கண்டு மேலும் திகைப்பார். இரண்டில் எதை வாங்குவது, வாங்கியதை எப்படிப் பேணுவது என்று தெரியாமல் நிற்பவருக்காக இதை எழுதுகிறேன். பணி நிமித்தம் சில ஆண்டுகள் ஜாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் குடியிருந்தபோது தவறாக வாங்கியும் சரியாக வாங்கியும் கற்றுக்கொண்டவை இவை.

பெரும்பாலோர் முதலில் உலோகத்தைச் சோதிக்க விரும்புகிறார்கள். நான் விலங்கை முதலில் பார்க்கச் சொல்வேன். விலங்கின் உடலைச் சரியாகக் கவனிக்காத கைவினைஞர் உலோக வேலையை மட்டும் சிரத்தையாகச் செய்திருப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். தவிர, விலங்கைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை, கண் போதும். அதன் பிறகு பொருளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மெருகேற்றி விளக்கொளியில் வைப்பது மேற்பக்கத்தை. பொருளின் உண்மையான சரித்திரம் அடியில்தான் எழுதப்பட்டிருக்கும்.

செம்பு பழையது, வெள்ளி புதியது

வாங்குவதற்கு முன் ஒரு சிறு பின்னணி தெரிந்திருப்பது நல்லது. தென்மத்திய ஆப்பிரிக்காவில் செம்பு மிகப் பழைய உலோகம். ஜாம்பியாவின் செம்புப் பட்டை எனப்படும் சுரங்கப் பகுதியில் உள்ள கிட்வே, சிங்கோலா, முஃபுலிரா முதலிய சுரங்க நகரங்கள் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தவை என்றாலும், அந்த மண்ணின் மக்கள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே செம்பை உருக்கி, கம்பியாக இழுத்து, சிலுவை வடிவக் கட்டிகளாக வார்த்துப் பண்டமாற்றுக்குப் பயன்படுத்தினார்கள். ஜாம்பேசி ஆற்றின் அருகே இங்கோம்பே இலேடே என்ற இடத்தில் 1960ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட கல்லறைகளில் அத்தகைய செம்புச் சிலுவைகளும் கம்பி இழுக்கும் கருவிகளும் கிடைத்தன. அந்தப் பெயருக்கு 'படுத்திருக்கும் பசு' என்று பொருள். அங்கே விழுந்து கிடந்த ஒரு பாவோபாப் மரம் தூரத்தில் இருந்து பார்க்கப் பசு படுத்திருப்பதைப் போலத் தெரிந்ததாம். ஜாம்பியாவின் தேசியக் கொடியிலும் செம்புக்கும் விலங்குலகுக்கும் இடம் உண்டு: ஆரஞ்சு நிறப் பட்டை கனிம வளத்தைக் குறிக்கிறது, அதற்கு மேலே மீன்பிடி கழுகு பறக்கிறது.

விலங்கை உலோகத்தில் வடிப்பதும் அங்கே பழைய வழக்கமே. தென்னாப்பிரிக்காவின் மாபுங்குப்வேயில் கண்டெடுக்கப்பட்ட, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தங்கக் காண்டாமிருகம், மரத்தில் செதுக்கிய உருவத்தின் மேல் மெல்லிய தங்கத் தகட்டைச் சுற்றிப் பொடிப்பொடியான தங்க ஆணிகளால் இறுக்கியது. ஆனால் இன்று நாம் கடையில் காணும் வார்ப்பு வெள்ளி யானைகளும் நீர்யானைகளும் அந்தப் பகுதிக்கு ஒப்பீட்டளவில் புதியவை. ஹராரேயில் உள்ள பேட்ரிக் மாவ்ரோஸ் குடும்பத்தின் பட்டறை இவ்வகை வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்றது. அதன் பாணியைப் பார்த்து உருவானவை கடைத்தெருவில் ஏராளம். ஆகவே 'தலைமுறை தலைமுறையாக வந்த பழங்குடி வெள்ளிக்கலை' என்று யாரேனும் விற்க வந்தால் நிதானித்துக் கொள்ள வேண்டும்.

முதற்படி: எதற்காக வாங்குகிறீர்கள்?

உணவு வைப்பதற்கா, பார்வைக்கா என்பதைக் கடைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பார்வைக்கு என்றால் பூச்சுப் பூசிய செம்பு, முலாம் பூசிய வெள்ளி எதுவும் குற்றமில்லை. உணவுக்கு என்றால் நிபந்தனைகள் கடுமையாகின்றன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் கொள்முதலுக்குப் பெரிய தட்டையோ மெழுகுவத்தித் தண்டையோ தேர்ந்தெடுக்க வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் கெட்டியான வார்ப்புப் பொருள் ஒன்றே கற்றுக்கொள்ள ஏற்றது: உப்புக் கிண்ணம், தேக்கரண்டி, கைத்துண்டு வளையம் (நாப்கின் ரிங்) இப்படி ஏதேனும். கைத்துண்டு வளையம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஒன்றுக்கும் உதவாது என்பது உண்மைதான். என் வீட்டில் நீர்யானை வளையம் மளிகைக் கடை ரசீதுகளைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அலமாரியில் நிற்கிறது.

இரண்டாம் படி: விலங்கைப் பாருங்கள்

யானை விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு வசதியும் ஒரு தடையும் உண்டு. கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு யானையின் நிற்பும் நடையும் நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கண் ஆசிய யானையையே சரியான யானை என்று எண்ணிவிடும். ஆசிய யானையின் மத்தகம் இரண்டு மேடுகளாகப் பிரிந்திருக்கும், முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும், காதுகள் சிறியவை. ஆப்பிரிக்கச் சவானா யானைக்கு நெற்றி ஒரே வளைவாக இறங்கும், முதுகின் நடுப்பகுதி சேணம் போலத் தாழ்ந்திருக்கும், காதுகள் தோளை மூடும் அளவுக்குப் பெரியவை, துதிக்கையின் நுனியில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு 'விரல்கள்' இருக்கும். ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் பொதுவாகத் தந்தம் வெளியே தெரியும். நல்ல பட்டறையில் வார்த்த யானையின் துதிக்கை நுனியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அந்த இரண்டு விரல்களும் தனித்தனியே தெரியும். அவை தெரியாவிட்டால் பொருள் போலி என்று ஆகிவிடாது. ஆனால் காது மட்டும் பெரிதாக இருந்து, முதுகு நம் ஊர் யானையின் முதுகாகவும் நெற்றி இரட்டை மேடாகவும் இருந்தால், ஏதோ ஒரு தொழிற்சாலை அச்சில் காதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

ஒருமுறை விமான நிலையக் கடையொன்றில் 'ஜாம்பேசிக் காண்டாமிருகம்' என்ற சீட்டுடன் ஒரு காகிதப்பாரத்தைக் கண்டேன். ஒற்றைக் கொம்பு, உடல் முழுவதும் கவசத் தகடுகள் போன்ற தோல் மடிப்புகள். அசாமின் காசிரங்காவில் மேய வேண்டியது ஜாம்பேசிக்கு வழி தவறி வந்திருந்தது. ஆப்பிரிக்காவின் கருங்காண்டாமிருகத்துக்கும் வெண்காண்டாமிருகத்துக்கும் கொம்பு இரண்டு. தோலில் அந்தக் கவச மடிப்புகள் இல்லை. முன்னதன் மேலுதடு கூராக நீண்டிருக்கும், பின்னதன் வாய் அகன்று சதுரமாக இருக்கும். விதிவிலக்கு ஒன்றுண்டு: மேலே சொன்ன மாபுங்குப்வே காண்டாமிருகத்துக்கு ஒரே கொம்புதான். அதன் பிரதியை விற்பவர் ஒற்றைக் கொம்புடன் விற்பதில் தவறில்லை.

புள்ளி போட்ட பூனைகளில் நம் மொழியே சற்றுக் குழப்புகிறது. சிறுத்தை என்ற ஒரே சொல்லை இரண்டு விலங்குகளுக்கும் பயன்படுத்தும் பழக்கம் பரவிவிட்டதால், சீட்டாவுக்குச் சிவிங்கி என்ற சொல்லை மீட்டுக்கொள்வது நல்லது. சிவிங்கியின் புள்ளிகள் நிறைபுள்ளிகள். கண்ணின் உள்முனையில் இருந்து வாய்வரை ஒரு கரிய கோடு கண்ணீர் வழிந்தது போல இறங்கும். சிறுத்தையின் புள்ளிகள் ரோஜா இதழ்களைச் சுற்றி வைத்தது போல நடுவில் வெறுமையாக இருக்கும். முகத்தில் அந்தக் கோடு இருக்காது. புலி இருந்தால் பொருளைக் கீழே வைத்துவிடலாம். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இம்பாலா மானில் ஆணுக்கு மட்டுமே கொம்பு. ஒட்டகச்சிவிங்கி நடக்கும்போது ஒரு பக்கத்து முன்காலும் பின்காலும் ஏறக்குறைய ஒருசேர முன்னேறும். நெருப்புக்கோழிக்குக் காலுக்கு இரண்டே விரல்கள்.

மூன்றாம் படி: கவிழ்த்துப் பாருங்கள்

வெள்ளி என்று சொல்லப்படும் பொருளின் அடியில் 925 என்ற முத்திரையைத் தேட வேண்டும். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு என்று அதற்குப் பொருள். இதையே ஸ்டெர்லிங் என்கிறார்கள். தனி வெள்ளி மிக மென்மையானது என்பதால் செம்பு சேர்த்து உறுதியாக்குகிறார்கள். இலண்டன் மதிப்பீட்டு நிலையத்தில் சோதிக்கப்பட்ட பொருள்களில் நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை ஆகிய முத்திரைகள் இருக்கக்கூடும். புதியவர்கள் இவற்றைப் பார்த்துக் கைவினைஞரின் ஆப்பிரிக்கச் சின்னம் என்று மகிழ்ந்து போகிறார்கள். அந்தச் சிங்கத்துக்கும் சிறுத்தைக்கும் ஆப்பிரிக்காவோடு எந்தத் தொடர்பும் இல்லை. சிங்கம் ஸ்டெர்லிங் தரத்தையும் சிறுத்தைத் தலை இலண்டன் நிலையத்தையும் குறிக்கும் பழைய ஆங்கிலேய முத்திரைகள் அவை.

இ.பி.என்.எஸ். (EPNS) என்ற எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம். உள்ளே இருப்பது நிக்கல் சில்வர், அதாவது நம் ஊர்ப் பாத்திரக் கடைகளில் ஜெர்மன் சில்வர் எனப்படுவது. செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் கலவையான அதில் பெயரைத் தவிர வெள்ளி இல்லை. பியூட்டர் என்று எழுதியிருந்தால் அது வெள்ளீயக் கலவை. தென்னாப்பிரிக்காவில் அதிலும் மிக நல்ல மேசைப் பொருள்கள் செய்கிறார்கள், அதை அதன் பெயரிலேயே விற்பவரிடம் வாங்குவதில் நட்டமில்லை. ஆனால் அது குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும் என்பதால் அடுப்பின் அருகே கொண்டுபோகக் கூடாது.

முத்திரை எதுவும் இல்லாத பொருளில் முலாமைக் கண்டுபிடிக்க, கை அடிக்கடி படும் மேடுகளைப் பார்க்க வேண்டும். யானையின் காது ஓரம், முழங்கால், அடிப்பாதம் ஆகிய இடங்களில் முலாம் முதலில் தேயும். அங்கே மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கும். செம்பு என்று விற்கப்படுவதில் காந்தம் ஒட்டினால் அது இரும்பின் மேல் செம்பு முலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை உண்டு. கெட்டியாக வார்த்த, குழிவு இல்லாத பொருளுக்கு மட்டும் இது பொருந்தும். கிராமில் பத்தில் ஒரு பங்குவரை காட்டும் தராசு ஒன்று வேண்டும். முதலில் பொருளை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தண்ணீர் நிரப்பிய தம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். பொருளை மெல்லிய நூலில் கட்டி, முழுவதும் தண்ணீரில் மூழ்கும்படியும் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை நூலை மெல்ல அசைத்து வெளியேற்றுங்கள். இப்போது தராசு காட்டும் எண் பொருளின் கன அளவுக்குச் சமம். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 104 கிராம் எடையுள்ள பொருள் தண்ணீரில் 10 கிராம் காட்டினால் அடர்த்தி 10.4, ஸ்டெர்லிங் வெள்ளிக்கு ஏறத்தாழ அவ்வளவு இருக்க வேண்டும். அதுவே 12 காட்டினால் அடர்த்தி 8.7 அளவுக்கு இறங்குகிறது. உள்ளே இருப்பது நிக்கல் சில்வரோ பித்தளையோதான். நகைக்கடைகளில் உள்ள எக்ஸ்-கதிர் இயந்திரம் மேற்பரப்பை மட்டுமே படிப்பதால் கனமான முலாமில் ஏமாறக்கூடும்; தண்ணீர்ச் சோதனை உள்ளே இருப்பதையும் சேர்த்து எடைபோடுகிறது.

மெழுகுவத்தித் தண்டுகளில் வேறொரு சங்கதி இருக்கிறது. மெல்லிய வெள்ளித் தகட்டால் செய்து, சாய்ந்து விழாமல் இருப்பதற்காக அடிப்பாகத்துக்குள் அரக்கோ சுண்ணச்சாந்தோ நிரப்பியிருப்பார்கள். அது பழைய, நேர்மையான முறைதான். ஆனால் மொத்த எடைக்கு வெள்ளி விலை கேட்பது நேர்மையாகாது.

நான்காம் படி: கை செய்ததா, அச்சு செய்ததா?

'கையால் செய்தது' என்ற சொல்லுக்குள் பல தரங்கள் அடங்கியிருக்கின்றன. வெள்ளி விலங்குகள் பெரும்பாலும் மெழுகு இழப்பு வார்ப்பில் உருவாகின்றன. சுவாமிமலையில் ஐம்பொன் திருமேனிகள் வார்ப்பதைக் கண்டவர்களுக்கு இது அன்னியமாகத் தோன்றாது: மெழுகில் உருவம், அதைச் சுற்றிக் கவசம், சூட்டில் மெழுகு வழிந்தோட அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். ஆனால் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சுவாமிமலையில் ஒவ்வொரு திருமேனிக்கும் மெழுகுருவைக் கையால் புதிதாகச் செய்து, காவிரி வண்டலைப் பூசி, வார்த்த பின் மண்ணை உடைக்கிறார்கள். வெள்ளிப் பட்டறையிலோ கலைஞர் ஒரு மூல உருவத்தைச் செதுக்குகிறார். அதில் இருந்து ரப்பர் அச்சு எடுத்து, அந்த அச்சில் மெழுகை ஊற்றி வேண்டிய அளவு பிரதிகள் எடுக்கிறார்கள். மெழுகுப் பிரதிகளை ஒரு தண்டில் கிளை கிளையாக ஒட்டி, சாந்துக்குழம்பில் மூழ்கவைத்து, சூளையில் மெழுகை எரித்துவிட்டு வெள்ளியை ஊற்றுகிறார்கள். எனவே ஒரே நீர்யானை நூறு வீடுகளில் இருக்கலாம். வேறுபாடு வருவது அதற்குப் பிந்தைய வேலையில்: உலோகம் உள்ளே போன வழியான ஊற்றுக்காலை வெட்டிய தழும்பை அரம் போட்டு மறைப்பது, அச்சின் இணைப்புக் கோட்டைத் தேய்ப்பது, மங்கிய தோல் சுருக்கங்களைச் சிற்றுளியால் மீண்டும் எடுப்பது.

இந்த வேலை நடந்ததா என்பதை வயிற்றின் அடியிலும் கால்களின் உட்புறத்திலும் பார்க்க வேண்டும். அங்கே ஒரு நேர்கோடு மெலிதாக ஓடினால் இணைப்புக் கோட்டைத் தேய்க்கச் சோம்பியிருக்கிறார்கள். ஊசி குத்தியது போன்ற துளைகள் கூட்டமாக இருந்தால் வார்ப்பில் காற்றுப் புகுந்திருக்கிறது.

செம்பில் அடையாளங்கள் வேறு. தகட்டை வட்டமாக வெட்டி, இரும்புக் குமிழின் மேல் வைத்துச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி அடித்துக் கிண்ணமாக எழுப்புவது ஒரு முறை. அடிக்க அடிக்கச் செம்பு விறைத்துவிடும். விறைப்பு ஏறிய போதெல்லாம் மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சுட்டு இளக்கி மறுபடியும் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பு பிளந்துவிடும். இப்படி எழுப்பிய கிண்ணத்தின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் அடித்தழும்புகள் வரிசையாக, ஆனால் முற்றிலும் ஒன்றுபோல் இல்லாமல், மெல்லத் தட்டுப்படும். கடைசலில் சுழற்றி எடுத்த கிண்ணத்தில் ஒரே மையத்தைச் சுற்றிய நுண்ணிய வளையங்கள் தெரியும். அதன் மேல் இயந்திரத்தால் அடித்தழும்பைப் பதித்தாலும் ஒவ்வொரு தழும்பும் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால் பிடிபட்டுவிடும்.

ஜாம்பியாவில் சுவரில் மாட்டும் செம்புப் புடைப்புப் படங்கள் நெடுங்காலமாக விற்கப்படுகின்றன. யானையோ மீன்பிடி கழுகோ தகட்டின் பின்புறத்தில் இருந்து அடித்து எழுப்பப்பட்டிருக்கும். தஞ்சாவூர்த் தட்டைக் கவனித்தவருக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும், ஏனெனில் அங்கேயும் தகட்டை அரக்கின் மேல் பதித்து உளியால் புடைப்பு எடுத்து அடித்தட்டின் மேல் பொருத்துகிறார்கள். புடைப்புப் படத்தை வாங்கும்போது பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். உளி பட்ட தடங்கள் பள்ளங்களுக்குள் தனித்தனியே தெரிந்தால் கைவேலை. பள்ளம் வழவழப்பாகவும் தகடு காகிதம் போல மெல்லியதாகவும் இருந்தால் அழுத்தி எடுத்தது. பின்பக்கத்தைப் பலகையால் மூடி ஒட்டியிருந்தால் விலையில் அதற்குத் தகுந்தபடி குறைத்துக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டு உலோகம் சேரும் இடம்

வெள்ளியும் செம்பும் கலந்த பொருளில் நான் அதிகம் நேரம் செலவிடுவது இணைப்பில்தான். தறையாணி (ரிவெட்) அடித்துப் பொருத்திய பிடி நீடிக்கும். வெள்ளிப் பற்றாசு, அதாவது உருக்கி ஒட்டும் வெள்ளிக் கலவை, வைத்து உயர்ந்த சூட்டில் பற்றவைத்ததும் நீடிக்கும். காரீயமும் வெள்ளீயமும் கலந்த மென்பற்றாசு வைத்து ஒட்டியிருந்தால் இணைப்பைச் சுற்றி மங்கிய சாம்பல் நிறக் கசிவு தெரியும், கத்தி முனையால் கீறினால் எளிதில் தடம் விழும். அத்தகைய கிண்ணத்தில் உணவு வைக்கவே கூடாது. பின்னாளில் பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் தட்டாரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். காரீயம் ஒட்டிய வெள்ளியை அறியாமல் சூடேற்றினால் காரீயம் வெள்ளிக்குள் இறங்கிக் குழி குழியாக அரித்துவிடும்.

பிடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். இம்மி ஆட்டம் இருந்தாலும் வேண்டாம். இணைப்பில் ஈரம் தங்கினால், இரண்டு உலோகங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால், செம்பு வழக்கத்தைவிட வேகமாகக் களிம்பு ஏறும். பழைய பொருளில் துதிக்கை விளிம்பைத் தொடும் இடத்தில் பச்சை வளையம் கட்டியிருந்தால் அதைக் கழுவியவர் துடைக்காமல் கவிழ்த்து வைத்தவர் என்று அறியலாம்.

விலையும் காகிதங்களும்

வெள்ளியின் எடையைக் கிராமில் கேளுங்கள். எடை சொல்லத் தயங்கும் கடையில் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை. 200 கிராம் ஸ்டெர்லிங் பொருளில் 185 கிராம் வெள்ளி இருக்கிறது. அன்றைய சந்தை விலையால் அதைப் பெருக்கிக் கழித்தால் மிஞ்சுவது கைவேலைக்கும் கடைக்கும் நீங்கள் தரும் கூலி. அந்தக் கூலி உலோகத்தைவிடப் பல மடங்கு இருப்பது நல்ல பட்டறையில் இயல்பு, அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. இது கல்யாணத்துக்கு எடைபோட்டு வாங்கும் வெள்ளிக் குடம் ஆகாது. திரும்ப விற்கப் போனால் நம் ஊர்க் கடை உலோக விலையைத்தான் தரும்.

உலோகத்தைத் தவிர வேறு எதுவும் பொருளில் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். தந்தத்தில் பிடி, யானை வாலின் மயிர் சுற்றிய கைப்பிடி, எறும்புத்தின்னியின் செதில் பதித்த மூடி போன்றவை எவ்வளவு பழையவை என்று சொல்லப்பட்டாலும் வேண்டாம். யானைத் தந்தத்தின் சர்வதேச வணிகத்துக்கு 1989இல் தடை விதிக்கப்பட்டது. எறும்புத்தின்னி இனங்கள் அனைத்துக்கும் 2016இல் அதே நிலை வந்தது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. எறும்புத்தின்னிதான் வேண்டும் என்றால் செம்பில் செதில் செதிலாக உளி போட்டுச் செய்த கிண்ணங்களைத் தேடலாம்; செம்பின் நிறத்துக்கு அந்த உடல் வெகு பொருத்தம்.

ரசீதில் உலோகத்தின் பெயர், தரம், எடை மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டிருக்க வேண்டும். சுங்கத் தீர்வை விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை என்பதால் புறப்படும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொருளைக் கைப்பையில் கொண்டுவருவதே பாதுகாப்பு. கூர்மையான கொம்புள்ள மான்களை மட்டும் பெட்டியில் வைத்துவிடுங்கள், சோதனைச் சாவடியில் விவாதம் மிச்சம்.

வீட்டில் பேணுவது

முதலில் செம்பில் பூச்சு உண்டா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஒரு நிமிடம் பொறுத்துத் துடைத்தால், பூச்சில்லாத செம்பில் அந்த இடம் மட்டும் பளிச்சென்று இளஞ்சிவப்பாகும்; வார்னிஷ் பூசியதில் மாற்றம் ஏதும் இராது. பூசியதைத் துணியால் துடைத்தால் போதும், அதில் உணவு வைப்பதும் சூடேற்றுவதும் கூடாது. பூசாத செம்பில் தண்ணீர் வைக்கலாம், உலர்ந்த பண்டங்கள் வைக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்குழம்பு வைக்கக் கூடாது. சமைப்பதற்கோ புளிப்பு வைப்பதற்கோ என்றால் உட்புறம் வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். தேய்ந்த பிறகு மறுபடியும் ஈயம் பூசுபவரைத் தேடிப் பிடிப்பது இப்போது சற்று அலைச்சல்தான். வெள்ளீயம் 232 பாகை செல்சியசில் உருகுவதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கவே கூடாது.

வெள்ளியில் உப்பைத் தங்கவிடக் கூடாது. உப்புக் கிண்ணமாகவே செய்யப்பட்டதானாலும், உள்ளே கண்ணாடிக் குப்பி இல்லாவிட்டால் சாப்பாடு முடிந்ததும் உப்பைக் கொட்டிக் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். ஓரிரு மழைநாள்கள் மறந்தால் தேய்த்தாலும் போகாத கரும்புள்ளிகள் விழுந்துவிடும். முட்டைக்கு வெள்ளிக் கரண்டியைப் பயன்படுத்தினால் முட்டையில் உள்ள கந்தகம் கறுக்க வைக்கும்.

இனி ஒரு விபத்து. கினிக்கோழி வடிவில் இரண்டு மிளகுக் குப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கரிய இறகுகளின் மேல் வெண்புள்ளிகள் தெறித்தது போன்ற அந்தப் பறவையைக் காட்ட, கைவினைஞர் உடல் முழுவதும் வெள்ளியை வேண்டுமென்றே கறுக்கச் செய்து, புள்ளிகளின் மேடுகளை மட்டும் மெருகேற்றியிருந்தார். தீபாவளிக்கு முந்தைய நாள் குத்துவிளக்கு, சந்தனப் பேலா ஆகியவற்றோடு அவற்றையும் சேர்த்து, அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் சோடா உப்புப் போட்ட வெந்நீரில் நானே மூழ்கடித்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் வெளுத்து வந்தன. கினிக்கோழிகள் இருந்த இடத்தில் மொழுமொழுவென்று இரண்டு வெள்ளைக் கோழிகள் நின்றன. அந்த முறை கறுப்பை நீக்குவதில் சிறந்தது. எது அழுக்கு, எது அலங்காரம் என்று அதற்குத் தெரியாது. ஆகவே வரிக்குதிரை, கினிக்கோழி, முதலை போன்ற, பள்ளங்களில் கருமை ஏற்றிய உருவங்களை மென்மையான துணியால் மேடுகளில் மட்டும் தேய்க்க வேண்டும்; எந்தத் திரவத்திலும் அமிழ்த்தக் கூடாது.

கெட்டி வெள்ளியின் சமதளங்களுக்கு நம் வழக்கப்படி நைசான திருநீறு போதும். முலாம் பூசியதைத் திருநீறாலும் தேய்க்க வேண்டாம், பற்பசையாலும் வேண்டாம். இரண்டும் முலாமைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்விடும். செம்புக்குப் புளியும் உப்பும் எப்போதும் நல்லதுதான், ஆனால் இரண்டு உலோகமும் சேர்ந்த பொருளில் புளித்தண்ணீர் வெள்ளிப் பக்கம் வழியாதபடி தேய்த்து உடனே கழுவ வேண்டும். கம்பி நார் உதவாது. செம்பு கரைந்த புளித்தண்ணீரும் இரும்பு நாரும் ஒரே நேரத்தில் வெள்ளியைத் தொட்டால், வெள்ளியின் மேல் செம்பு மெல்லிய படலமாக ஏறி யானைக்கு இளஞ்சிவப்புக் காய்ச்சல் வந்தது போல ஆகிவிடும்.

கழுவியதும் பருத்தித் துணியால் துடைத்து, இணைப்புகளில் ஈரம் போக மின்விசிறியின் கீழ் அரைமணி நேரம் வையுங்கள். உள்ளே அரக்கு நிரப்பிய தண்டுகளை வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது. எடுத்து வைக்கும்போது வெள்ளியைத் தனித்தனியே துணியில் சுற்றிக் காற்றுப் புகாத பையில் ஒரு சாக்பீஸ் துண்டுடன் வைத்தால் ஈரத்தை அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் இது அவசியம். பையை ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் துணியையும் தாண்டி யானையின் வயிற்றைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கச்சை வரைந்துவிடும்.

செம்பை அடிக்கடி தேய்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உணவுக்கு எடுக்காத கிண்ணத்தைத் துடைத்து மட்டும் வைத்தால் ஓரிரு ஆண்டுகளில் பழுப்பேறி, பிறகு கருஞ்சிவப்பில் நிலைத்துவிடும். அந்த நிறத்தின் மேல் வெள்ளி யானைகள் புதிதில் இருந்ததைவிட எடுப்பாகத் தெரிகின்றன. பச்சைக் களிம்பு மட்டும் எங்கே தலைகாட்டினாலும் அன்றே புளி போட்டு எடுத்துவிடுங்கள்.

கிண்ணம் கீழே விழுந்து நசுங்கினால் உட்புறம் கட்டைவிரலை வைத்து அழுத்தி நிமிர்த்த முயல வேண்டாம். விறைத்த செம்பு அந்த இடத்தில் மடிந்து விரிசல் காணும். பாத்திரத் தொழில் தெரிந்த கன்னாரிடம் கொண்டுபோய், மரச் சுத்தியலால் உள்ளிருந்து எடுக்கச் சொல்லுங்கள். வெள்ளி யானைகள் பற்றவைக்கப்பட்டவையா, ஆணி அடித்தவையா என்பதை அவர் நெருப்பை மூட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.